முத்திரையும் எடையும் – கொச்சிக் கரையில் பொற்காசின் வரலாறு

தமிழில் செல்வத்தைக் குறிக்க வழங்கும் சொற்களுள் மூன்று தம் வரலாற்றைத் தாமே கூற வல்லவை. அவை காசு, பணம், பவுன் என்பன. சோழர் கல்வெட்டுகளில் 'காசு' என்பது ஒரு நாணயத்தின் பெயர். 'பணம்' என்பது மலையாளக் கரையிலும் கொங்கு நாட்டிலும் புழங்கிய, துவரம் பருப்பளவே உள்ள ஒரு சிறு பொன் நாணயத்தின் பெயர். 'பவுன்' என்பது ஆங்கிலேயரின் பொன் நாணயமாகிய சவரனுக்கு நம் மக்கள் இட்டு வழங்கிய பெயர். முன்னிரண்டும் நாளடைவில் நாணயத்தை விட்டு நீங்கிச் செல்வம் என்னும் பொதுப்பொருளை ஏற்றன. மூன்றாவதோ நாணயத்தை விட்டு நீங்கி ஓர் எடையின் பெயராயிற்று.

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் நகைக்கடை ஒன்றன் முன் நின்று பார்த்தால் இது விளங்கும். பலகையில் அன்றாட விலை எழுதப்பட்டிருக்கும்: ஒரு கிராம் இவ்வளவு, ஒரு பவுன் இவ்வளவு என்று. மலையாளத்தார் அதனைப் 'பவன்' என்பர். 8 கிராம் கொண்டது ஒரு பவன். அப்பெயருக்குரிய நாணயத்தைக் கண்ணால் கண்டவர்கள் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? அதில் பொறித்திருந்த அரசன் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் எத்தனை பேர்? அரசன் மறைந்தான்; அவன் எடை மட்டும் நிலைத்துவிட்டது.

நாணயத்திற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று உலோகம், மற்றொன்று முத்திரை. உலோகம் விலையைத் தருகிறது. முத்திரையோ, 'இதன் எடையும் மாற்றும் இவை; இதற்கு நான் பொறுப்பு' என்று அதனை அச்சிட்டவன் தரும் வாக்கு. இந்தக் கரையின் மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாக அவ்விரண்டையும் எவ்வாறு மதித்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தூண்டுதலாய் அமைந்தது எங்கள் இல்லத்தில் உருகிப்போன ஒரு காசு. அதனை இறுதியிற் கூறுவேன்.

யவனர் பொன்

சேரநாட்டு முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார். கலங்களில் வந்த பொன் தோணிகளால் கரை சேர்ந்ததைப் புறநானூற்றின் 343-ஆம் பாட்டில் பரணர் கூறுகிறார். இவை புலவர்தம் புனைந்துரை அல்ல என்பதற்குக் கடலின் அக்கரையிலும் சான்று உண்டு. கி.பி. 79-இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குச் சென்று சேர்கிறது என்று வருந்தி எழுதினார். வியன்னா நகரில் பாதுகாக்கப்பெறும் பாப்பிரசு ஏடு ஒன்று, 1985-இல் அச்சில் வெளிவந்தது. முசிறி வாணிகத்தைப் பற்றிய கடன் ஒப்பந்தம் அதில் உள்ளது. 'எர்மப்பொல்லோன்' என்னும் ஒரே கப்பலில் ஏற்றிய சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்று அவ்வேட்டைக் கொண்டு அறிஞர் கணக்கிடுவர்.

பிளினி கூறிய தொகையை நம் அளவையில் எண்ணிப் பார்க்கலாம். நூறு செஸ்டர்ஸ் கொண்டது 'ஆரியஸ்' என்னும் ஓர் உரோமானியப் பொற்காசு. அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. அஃதாவது, தற்செயலாக, நம் பவுனுக்கு மிக நெருங்கிய எடை. 5 கோடி செஸ்டர்ஸ் முழுவதும் பொன்னாகவே வந்திருக்குமாயின், ஆண்டுக்கு 5 இலட்சம் பவுன் என்றாகும். பொன் மட்டுமே வரவில்லை. வெள்ளியும் பிற பண்டங்களும் வந்தன. ஆயினும் ஓர் அளவு தெரிதற்கு இக்கணக்கு உதவும்.

இக்காசுகள் மண்ணிலிருந்து இன்றும் வெளிப்படுகின்றன. எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூருக்கு அருகிலுள்ள வள்ளுவள்ளியில் 1983-இல் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மட்டாஞ்சேரியிலிருந்து அரை நாளில் போய் வரக்கூடிய தொலைவே அது. அதற்கு முன்பே, 1847-இல், கண்ணூரை அடுத்த கோட்டயம் என்னும் ஊரில் ஒரு பெரும் புதையல் கிடைத்திருந்தது.

ஆயினும் நம் வினாவுக்கு நேரான விடை தருவது 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலே. அதில் இருந்தவை 501 பொற்காசுகள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. தேய்ந்து எடை குறைந்த காசுகளை இனி நாணயமாக வழங்கலாகாது என்று காட்டவே அவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. வெட்டினார்களே தவிர வீசியெறியவில்லை. உலோகமாகப் பொதிந்து வைத்தனர். முத்திரை தன் வாக்கைக் காவாதபோது முத்திரையை நீக்கிவிட்டு எடையை வைத்துக்கொள்வது என்னும் முறையை இங்குக் காண்கிறோம்.

மற்றொரு செய்தியும் இதற்குத் துணை நிற்கும். கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ மன்னன் பொற்காசின் எடையைக் குறைத்தான். வெள்ளிக் காசின் மாற்றையும் குறைத்தான். அதன்பின் அச்சிட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் தென்னாட்டுப் புதையல்களில் அருகியே காணப்படுகின்றன. உரோமாபுரிப் பேரரசனின் ஆணை உலகெங்கும் செல்லலாம். முசிறி வணிகனின் துலாக்கோலில் அது செல்லவில்லை.

அதே வேளையில் முத்திரையின் அழகை நம்மவர் வெறுத்தவரும் அல்லர். துளையிட்டும் வளையம் பற்றவைத்தும் கழுத்தில் அணிந்த உரோமானியக் காசுகள் தென்னாட்டிற் பல கிடைத்துள்ளன. அவற்றைப் போலவே உள்ளூரில் செய்த போலிகளும் உண்டு. காசுமாலை என்னும் அணியின் வேர் அவ்வளவு பழமையானது.

ஆடவல்லான் என்னும் கல்

முத்திரையை ஐயுற்ற மக்கள் எடையை எவ்வாறு நம்பினர்? இதற்கு விடை தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் உள்ளது. 1010-இல் அக்கோயிலை எடுப்பித்து முடித்த முதலாம் இராசராசன், தானும் தன் தமக்கை குந்தவையும் தன் தேவியரும் அளித்த பொன்னையும் அணிகலன்களையும் ஒன்று விடாமல் கல்லில் வெட்டுவித்தான். ஒவ்வொரு பொருளும் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று நிறை குறிக்கப்பெற்றுள்ளது. அந்நிறை எடுத்த கல்லின் பெயரும் அங்கே உள்ளது. பொன்னுக்கு நிறை எடுத்த கல் 'ஆடவல்லான்'. மணிகளுக்கு நிறை எடுத்த கல் 'தட்சிணமேரு விடங்கன்'. இரண்டும் இறைவன் திருப்பெயர்கள்.

எடைக்கல்லுக்கு ஆண்டவன் பெயரை இட்டது வெறும் பக்தி அன்று. அரசன் தந்த பொன்னாயினும் நிறை பார்த்தே கொள்ளப்படும். அந்நிறையில் ஒருவரும் ஐயுறலாகாது என்னும் நிருவாக முறை அது. அலுவலகத்தில் இருபதாண்டுகளாகப் பதிவேடுகளோடு வாழ்பவன் என்ற முறையில், அக்கல்வெட்டுகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. பொருள்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் அவற்றின் பட்டியல் நிலைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் குந்தவை அளித்த அணியின் நிறையை நாம் சொல்ல முடிகிறது. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பணமும் ஆமாடையும்

1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் தோன்றிக் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்று மரபாகக் கூறுவர். முசிறியின் வாணிகம் அதன் வழியே நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. 1500-இல் போர்த்துக்கீசியரும், 1663-இல் ஒல்லாந்தரும், 1795-இல் ஆங்கிலேயரும் இத்துறையைக் கைக்கொண்டனர். குசராத்தியர், கொங்கணியர், யூதர், அரபியர், தமிழர் என்று பலரும் கூடிய அங்காடியில் ஒவ்வொருவர் நாட்டு நாணயமும் புழங்கிற்று. கொச்சி மன்னர் சங்கு முத்திரையோடு வெளியிட்ட வெள்ளிக்காசு 'புத்தன்' எனப்பட்டது. புதியது என்பது அதன் பொருள்.

பொன்னில் வழங்கியது பணம். சாமூதிரி நாட்டு 'வீரராயன் பணம்' ஏறத்தாழ 0.4 கிராம் எடையே உடையது. விரல் நகத்தில் அடங்கும் இதனை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது. ஆதலின் 'பணப்பலகை' என்னும் கருவி அமைந்தது. மரப்பலகையில் நூறோ இருநூறோ சிறு குழிகள் இருக்கும். பணத்தை அள்ளிப் பலகைமேல் இட்டு ஒரு முறை குலுக்கினால் குழிக்கொன்றாய் அமரும், மிகுதி வழிந்துவிடும். குழிகள் நிறைந்தனவா என்று ஒரு நோக்கில் காணலாம். அக்கால வணிகரின் கூர்மைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அயல்நாட்டுப் பொற்காசுகளுள் இக்கரையில் மிகப் பெரிய மதிப்பைப் பெற்றது வெனிசு நகரக் குடியரசின் தூக்காத்து. 1284-இல் முதன்முதல் அச்சிட்ட அக்காசு, 1797-இல் அக்குடியரசு வீழும் வரை, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ மூன்றரைக் கிராம் எடையிலும் பெரிதும் கலப்பற்ற மாற்றிலும் மாறாது வெளிவந்தது. மலையாளத்தில் அதனை 'ஆமாட' என்றனர். அதனைக் கோத்துச் செய்த 'ஆமாடக்கூட்டம்' இந்நாட்டுப் பெண்டிரின் பழைய அணிகளுள் ஒன்று.

அக்காசின் ஒரு பக்கத்தில் வெனிசு நகரத் தலைவர் புனித மாற்கு முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பற்றியிருக்கும் உருவம் உண்டு. தமிழ்நாட்டு மக்கள் அக்கம்பைப் பனையாகவும் மண்டியிட்டவரை மரமேறும் தொழிலாளியாகவும் கண்டனர். அத்தொழிலினர் பெயராலேயே காசையும் வழங்கினர். வெனிசு எங்கே இருந்தது, தலைவர் யார், புனிதர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மாற்றும் எடையும் பொய்க்கவில்லை. அது போதுமானதாயிற்று. உருவத்திற்குத் தங்கள் ஊர்ப் பொருளையே தந்து அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

பவுன் வந்த வழி

இங்கிலாந்து 1816-இல் இயற்றிய நாணயச் சட்டத்தின்படி 1817 முதல் வெளிவந்தது இக்காலச் சவரன். எடை 7.988 கிராம், மாற்று 22 காரட். 24 பங்கில் 22 பங்கு பொன் என்பதால் ஆயிரத்துக்கு 916 என்றும் கூறலாம். இன்று நகைகளில் '916' என்று நாம் தேடிப் பார்க்கும் எண் அதே மாற்றைக் குறிப்பதே. 12 மில்லிகிராமைக் கூட்டி 8 கிராமாக முழுமையாக்கிக்கொண்டது நம் கடைவீதி.

1899-இல் சவரன் இந்தியாவில் 15 ரூபாய்க்குச் சட்டபூர்வமான நாணயமாக்கப்பட்டது. மிளகு, தேங்காய் எண்ணெய், கயிறு ஆகியவற்றை ஏற்றுமதி செய்த கொச்சி போன்ற துறைகளிலும் அது பரவிற்று. வந்த சவரன்களுட் பல வளையம் ஏறிக் கழுத்துக்குச் சென்றன. பல மூசைக்குச் சென்றன.

இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு செய்தியைக் குறிப்பிடுவது கடன். முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இலண்டனிலிருந்து பொற்காசு வருவதும் அரிதாயிற்று. ஆகவே இலண்டன் அரச நாணயச்சாலையின் கிளை ஒன்று பம்பாயில் திறக்கப்பட்டது. அதில் 1918 என்னும் ஆண்டு பொறித்த சவரன்கள் ஏறத்தாழ 13 இலட்சம் அச்சிடப்பெற்றன. பின்புறத்தில் குதிரைமீது அமர்ந்த புனித சார்சு நாகத்தை வதைக்கும் உருவத்தின் அடியில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து மிகச் சிறிதாய் இருக்கும். இந்தியாவைக் குறிக்கும் எழுத்து அது. அதே 1918-இல் அதே எடையும் மாற்றும் உடைய 15 ரூபாய்ப் பொன் மொகராவும் பம்பாயில் அச்சாயிற்று. 1919-இல் அக்கிளை மூடப்பட்டது. அந்த ஒரே ஓர் ஆண்டு முத்திரையை உடைய சவரன்களை உலகின் நாணயச் சேகரிப்பாளர் இன்றும் தேடுகின்றனர்.

அரசின் பொன்னும் நினைவு நாணயமும்

விடுதலை பெற்ற இந்தியாவில் அரசுக்கும் பொன்னுக்கும் நெடுநாள் பகை இருந்தது. 1962-இல் சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடி மிகுந்தது. நிதியமைச்சர் மொரார்சி தேசாய் 1963 சனவரியில் பொற்கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்யலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் தொழிலிழந்து வாடின. உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. பின்னர் 1968-இல் இயற்றிய பொற்கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டித் தங்கத்தைத் தனியார் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1990-இல்தான் அச்சட்டம் நீங்கிற்று.

இதே காலத்தில் பிற நாடுகள் வேறு வழியிற் சென்றன. தென்னாப்பிரிக்கா 1967-இல் ஓர் அவுன்சுத் தூய பொன் அடங்கிய குருகர்ராண்டு நாணயத்தை வெளியிட்டது. கனடா 1979-இல் மேப்பிள் இலை நாணயத்தையும், அமெரிக்கா 1986-இல் கழுகு நாணயத்தையும் வெளியிட்டன. இவை கடையில் செலவிடுவதற்கு அல்ல; பொன்னைச் சேமிப்பவர் அரசின் முத்திரையோடு வாங்குவதற்கே அமைந்தவை. இவற்றின் விலை உள்ளிருக்கும் பொன்னின் விலையை ஒட்டியே இருக்கும். ஒரு பெருந்தலைவரையோ நிகழ்ச்சியையோ குறித்துக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் நினைவு நாணயத்தின் நிலை வேறு. அதனை வாங்குபவர் உலோகத்தின் விலைக்கு மேல் முத்திரைக்கும் விலை தருகிறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வாங்கி, விற்கும்போது வருந்துவோர் பலர்.

நம் அரசின் நினைவு நாணயங்கள் 1964-இல் நேருவின் மறைவை ஒட்டித் தொடங்கின. 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வெளியிட்ட 10 ரூபாய் நாணயம், நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி கொண்டது. 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கும் நாணயம் உண்டு. திருவள்ளுவர் உருவம் அதில் உள்ளது. 2009-இல் கேரளத்துப் புனித அல்போன்சாவுக்கும், பின்னர்க் கயிறு வாரியத்தின் 60 ஆண்டு நிறைவுக்கும் நாணயங்கள் வெளிவந்தன. அவ்வாரியத்தின் தலைமையகம் நம் கொச்சியில் உள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவைக் குறிக்கும் 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையும் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளியும் உடையது. 'ஆடவல்லான்' கல்லால் பொன்னை நிறுத்த கோயிலுக்கு வெள்ளியில் ஒரு நினைவு!

பொன்னில் நம் அரசு நாணயச்சாலையின் முத்திரையை மக்கள் கண்டது 2015 நவம்பரில். பிரதமர் நரேந்திர மோதி தொடங்கிவைத்த 'இந்தியத் தங்க நாணயம்' 5 கிராம், 10 கிராம் என்னும் இரு எடைகளில், 24 காரட் மாற்றில் வெளிவந்தது. 20 கிராம் கட்டியும் உண்டு. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தியடிகள். அச்சிட்டது அரசு நாணயச்சாலை; விற்பனைக்குக் கொணர்ந்தது எம்.எம்.டி.சி. நிறுவனம். அதற்கு ஈராண்டு முன்னர், 2013-இல், இலண்டன் நாணயச்சாலையின் உரிமம் பெற்று இந்தியாவில் மீண்டும் சவரன் அச்சாயிற்று. 95 ஆண்டுகளுக்குப் பின் அச்சிறு 'ஐ' எழுத்து திரும்பி வந்தது.

இந்தியத் தங்க நாணயத்தில் ரூபாய் மதிப்பு ஏதும் இல்லை. எடையும் மாற்றுமே உள்ளன. செலாவணி நாணயம் அன்று என்பதே இதன் பொருள். ஆராய்ந்து பார்த்தால், இக்கரையின் மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கொண்டிருந்த வழக்கத்தை அரசு ஏற்றுக்கொண்டது எனலாம். 'இதன் விலை இது' என்று அரசு கூறவில்லை; 'இதன் எடை இது' என்று மட்டும் கூறுகிறது.

ஆச்சியின் காசு

இனி என் இல்லத்துச் செய்தி. என் ஆச்சி நெல்லைச் சீமையிலிருந்து மணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். தாத்தா கடைவீதியில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கு எழுதிவந்தார். ஆச்சி வாழ்நாள் முழுவதும் கழுத்தில் தாலியோடு ஒரு சவரனை அணிந்திருந்தார். சிறுவனாய் இருந்தபோது அவர் மடியில் படுத்து அதனைத் திருப்பித் திருப்பி விளையாடியது நினைவிருக்கிறது. அவர் மறைவுக்குப்பின் அது அம்மாவின் பெட்டியில் இருந்தது.

2003-இல் என் தங்கைக்குத் திருமணம் கூடிற்று. இருந்த பொன்னையெல்லாம் திரட்டியபோது அக்காசும் வெளியே வந்தது. அப்பாவோடு நானும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் வளையத்தை வெட்டி நீக்கினார். பற்றவைப்புக்குக் கழிவு சொன்னார். உரைகல்லில் உரைத்துப் பார்த்து, "நல்ல ராஜா பவுன்" என்றார். சிறிது நேரத்தில் அது மூசைக்குள் போயிற்று. தங்கைக்கு ஒரு சோடி ஜிமிக்கி ஆயிற்று. அதில் தவறொன்றும் இல்லை. ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து மற்றொரு பெண்ணின் காதுக்குப் போவதே பொன்னின் கடமை என்று ஆச்சியே கூறியிருப்பார்.

பம்பாய் நாணயச்சாலையின் செய்தியைச் சில ஆண்டுகள் கழித்து நூலகத்தில் படித்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆச்சியின் காசில் என்ன ஆண்டு இருந்தது? தாடி வைத்த அரசனின் தலை என்பது மட்டுமே நினைவு. ஏழாம் எட்வர்டுக்கும் தாடி. ஐந்தாம் சார்சுக்கும் தாடி. முன்னவன் வலப்பக்கம் நோக்குவான். பின்னவன் இடப்பக்கம் நோக்குவான். எப்பக்கம் நோக்கியது என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சிறு எழுத்து இருந்ததா என்பதும் தெரியாது. பி.ஏ. வகுப்பில் வரலாறு படித்தவன். நாள்தோறும் பதிவேட்டில் எண்ணும் நாளும் குறித்து வயிறு வளர்ப்பவன். அக்காசு என் உள்ளங்கையில் இருந்தபோது அதன் ஆண்டை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைக்கத் தோன்றவில்லை. காசை இழந்ததற்கு நான் வருந்தவில்லை. அதைப் படிக்காமல் இழந்ததற்கே வருந்துகிறேன்.

அவ்வருத்தத்தின் பயனாக 2016-இல் 5 கிராம் தங்க நாணயம் ஒன்றை மகளின் பெயரில் வாங்கிவந்தேன். என் மனைவி உறையோடு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுத்தில் போட முடியுமா?" என்று கேட்டாள். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் திரும்ப விற்க எளிது என்றேன். "விற்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம் என்றால் இது எதற்கு?" என்றாள். முசிறி வணிகனும் இதே வினாவைத்தான் உரோமானியனிடம் கேட்டிருப்பான். என்னால் உடனே விடை கூற முடியவில்லை.

விடையை மகள் கூறினாள். பள்ளிக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து, உறையின் மேலேயே வைத்துச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினாள். இருபத்துநான்கு என்றாள். பின்பு ஒரு நோட்டில் எடை, மாற்று, ஆண்டு, இரு பக்கத்து உருவம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, அடியில் 'வாங்கியவர் அப்பா' என்று குறித்தாள். நாளை அவள் திருமணத்தின்போது அந்நாணயம் உருகலாம். உருகினாலும் அந்தப் பக்கம் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்

பொன் நம்மிடம் எப்போதும் எடையாகவே வாழ்ந்திருக்கிறது. அதை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுவதும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் மணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவாத பொன்னால் பயன் என்ன? ஆனால் எடையை எடுத்துக்கொள்ளும் முன் முத்திரையைப் படித்துவிடலாம் அல்லவா? அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நம் சங்கத்து அன்பர்கள் இல்லங்களில் பழைய சவரன் இருக்கலாம். தாய்வழி வந்த காசுமாலை இருக்கலாம். தாத்தா சேர்த்த நினைவு நாணயங்கள் இருக்கலாம். சவரனாயின் தலை எப்பக்கம் நோக்குகிறது, ஆண்டு என்ன, ஆண்டுக்கு மேல் சிறு எழுத்து உண்டா என்று பாருங்கள். இந்திய நாணயமாயின் ஆண்டு எண்ணுக்குக் கீழே நோக்குங்கள். வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் அச்சிட்டது. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. புள்ளி இருந்தால் நொய்டா. குறி ஒன்றும் இல்லையேல் கொல்கத்தா. எடையோடு இவற்றையும் எழுதி, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மண்ணில் கிடைத்த பழங்காசாயின் அதனை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிப்பதே சட்டம். அது தனியொருவர் உடைமை அன்று.

சங்கத்தின் ஆண்டுவிழா நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அன்பர்கள் கொணரும் குறிப்புகளை ஒரு பதிவேட்டில் ஏற்றலாம் என்று பணிவுடன் வேண்டுகிறேன். எழுதும் பணியை நான் ஏற்றுக்கொள்கிறேன். நகைகளைக் கொண்டுவர வேண்டா, குறிப்புகள் போதும். தஞ்சைக் கோயிலின் பொன் போயிற்று. கல்லில் எழுதிய பட்டியல் நின்றது. நம்மிடம் கல் இல்லை. ஆயினும் தாள் உண்டு, எழுதக் கை உண்டு. முதல் பக்கத்தின் முதல் வரியில், ஆண்டு என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டு, என் ஆச்சியின் காசை எழுதப்போகிறேன். அடுத்த வரிகளில் அக்கட்டம் வெறுமையாய் இராதபடி அன்பர்கள் பார்த்துக்கொள்வார்களாக.